டவர் போனாலும் மெசேஜ் போகுமா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்கு எந்த 'மெஷ் ரேடியோ' சரிப்படும்? முழு விளக்கம்

சிம் கார்டு வேண்டாம். இன்டர்நெட் வேண்டாம். செல்போன் டவரும் வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன ரேடியோவை போனோடு இணைத்து, சில கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு மெசேஜ் அனுப்பலாம். உலகம் முழுக்க எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்கள் பொழுதுபோக்காகச் செய்துவரும் இந்த 'லோரா மெஷ்' நெட்வொர்க், வெள்ளம் வந்தால் முதலில் சிக்னலை இழக்கும் சென்னையின் மேற்குப் புறநகருக்குப் பயன்படுமா? மெஷ்டாஸ்டிக், மெஷ்கோர், ரெட்டிகுலம் என்று மூன்று பெயர்கள் அடிபடுகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது? சட்டம் அனுமதிக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமா சொன்னா...

- சின்ன நண்பர் குழு என்றால் மெஷ்டாஸ்டிக். உயரமான மாடிகளில் நிரந்தரமாக ரிப்பீட்டர் வைக்க ஆள் இருந்தால் மெஷ்கோர். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் தெரிந்தவர்களுக்கு ரெட்டிகுலம்.
- மூன்றும் ஒன்றோடு ஒன்று பேசாது. அதனால் இது தனி ஆளின் தேர்வு அல்ல, ஏரியாவே சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.
- இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் தேவையில்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு.
- 112-க்கு இது மாற்று கிடையாது.

மேற்குப் புறநகருக்கு இது ஏன் முக்கியம்?

2015 டிசம்பர் 1-ம் தேதி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. மின்சாரம் போனது. அதைத் தொடர்ந்து நகரின் பல பகுதிகளில் செல்போன் சேவையும் முடங்கியது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்து, சிறு நிறுவனங்களின் இயந்திரங்கள் தண்ணீரில் நின்றன. கொரட்டூர், பட்டரவாக்கம் பக்கமும் அதே நிலை. மின்சாரம் திரும்பப் பல இடங்களில் நாட்கணக்கில் ஆனது. சிக்னல் தேடி மொட்டை மாடிக்கும் மேம்பாலத்துக்கும் ஏறி நின்ற அனுபவம் இந்தப் பகுதியில் பலருக்கு உண்டு.

காரணம் எளிது. செல்போன் டவருக்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அதற்குப் பிறகு ஜெனரேட்டர், டீசல். டீசல் வண்டி போக ரோடு வேண்டும். ரோட்டில் தண்ணீர் நின்றால் எல்லாமே வரிசையாக நிற்கும். ஒரு டவர் போனால் அதை நம்பியிருக்கும் அத்தனை போனும் ஊமை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அம்பத்தூர், பெருநகர சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம். ஆவடி, 2019-ல் இருந்து தனி மாநகராட்சி. பூந்தமல்லி, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள நகராட்சி. தண்ணீருக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. ஆனால் தகவல் மட்டும் மூன்று அலுவலகங்களைச் சுற்றித்தான் வரணும். பக்கத்துப் பகுதியில் தண்ணீர் ஏறுகிறதா, வடிகிறதா என்பது அங்கே இருப்பவர் சொன்னால்தான் உடனே தெரியும்.

ரேடியோ ஆர்வலர்கள் பேரிடரில் கைகொடுப்பது புதிதல்ல. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு, முழுக்க பொழுதுபோக்கு முயற்சியாக அந்தமான் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. 26-ம் தேதி சுனாமி வந்தது. தீவுகளின் தொலைத்தொடர்பு அறுந்தபோது, குழுவை வழிநடத்திய பாரதி பிரசாத்தும் அவருடன் இருந்தவர்களும் ஹாம் ரேடியோவை வைத்து தகவல்களை நிலப்பகுதிக்கு அனுப்பினார்கள். கருவி, ஆன்டெனா, பழகிய கைகள் எல்லாம் ஏற்கெனவே தயாராக இருந்ததால்தான் அது நடந்தது. மெஷ் விஷயத்திலும் இதைத்தான் மனசில் வைக்கணும்.

'லோரா' என்றால் என்ன?

'லாங் ரேஞ்ச்' என்பதன் சுருக்கம்தான் 'லோரா'. பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் இருந்த சைக்லியோ என்ற சின்ன நிறுவனம் உருவாக்கிய தொழில்நுட்பம். 2012-ல் அமெரிக்காவின் செம்டெக் அதை வாங்கியது.

பறவை 'கீ...ச்' என்று சுருதி ஏற்றிக் கத்துவது போல, லோரா சிக்னல் ஒரே அலைவரிசையில் நிற்காமல் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டே போகும். இந்த வழுக்கல் மெதுவாக இருக்கும்போது, சுற்றியுள்ள ரேடியோ இரைச்சலை விட சிக்னல் பல மடங்கு பலவீனமாக இருந்தாலும் எதிர்முனைக் கருவி அதைக் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் 0.15 வாட் அளவுக்கு மட்டுமே சக்தி செலவழிக்கும் சிப், சில கிலோமீட்டர் போகிறது.

இதற்குக் கொடுக்கும் விலை வேகம். மெஷ்டாஸ்டிக்கின் வழக்கமான அமைப்பில் விநாடிக்கு சுமார் 1,000 பிட் மட்டும்தான் போகும். அதனால் வாய்ஸ் கால், வாய்ஸ் நோட், போட்டோ எதையும் எதிர்பார்க்காதீங்க. குட்டி மெசேஜ், லொகேஷன், பேட்டரி நிலவரம் இவ்வளவுதான்.

'மெஷ்' என்றால் வலை. நேரடியாக எட்டாத ஆளுக்கு, நடுவில் இருக்கும் கருவிகள் மெசேஜை வாங்கி வாங்கிக் கடத்தும். ஒரு முறை கடத்துவதற்கு ஒரு 'ஹாப்' என்று பெயர். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி கைமாறிக் கைமாறி கடைசி இலைக்குப் போய்ச் சேரும் அல்லவா, அப்படித்தான்.

போனிலேயே புளூடூத் மெஷ் இருக்கே என்று கேட்கலாம். 2025 ஜூலையில் ஜாக் டோர்சி அறிமுகப்படுத்திய பிட்சாட் அந்த வகை. அதற்குத் தனிக் கருவி வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் புளூடூத் சில பத்து மீட்டர்கள்தான் எட்டும். கூட்டமான இடத்தில் பரவாயில்லை. அம்பத்தூர் ஓ.டி.யில் இருந்து ஆவடிக்கு என்றால், வழி நெடுக ஆள் நிற்கணும்.

மூன்று போட்டியாளர்கள்: யார் எப்படி?

1) மெஷ்டாஸ்டிக்

2020-ல் கெவின் ஹெஸ்டர் தொடங்கிய திறந்தமூல திட்டம். மலையேற்றம், பாராகிளைடிங் போகும் நண்பர்கள் ஒருவரை ஒருவர் தொலைத்துவிடாமல் இருக்க என்று ஆரம்பித்தது, இன்று இந்த வகையில் மிகப் பிரபலம்.

எப்படி வேலை செய்கிறது? நீங்கள் அனுப்பும் மெசேஜைக் கேட்கும் கருவிகள் அதைத் திரும்ப ஒலிபரப்பும். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தாது. சிக்னல் பலவீனமாகக் கிடைத்த, அதாவது தூரத்தில் இருக்கும் கருவி முதலில் பேசும். அதைக் கேட்ட பக்கத்துக் கருவி, 'வேலை முடிஞ்சுது' என்று அமைதியாகிவிடும். வழக்கமாக 3 ஹாப், அதிகபட்சம் 7.

பலம்: வாங்கி, மென்பொருளை ஏற்றி, ஊர் 'இந்தியா' என்று குறித்தால் அரை மணி நேரத்தில் பேச ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு கருவியும் கடத்தும் என்பதால் நாலு பேர் சேர்ந்தாலே வலை உருவாகிவிடும்.

பலவீனம்: கூட்டம் சேரச் சேர நெரிசல். மெசேஜ் மட்டுமல்லாமல் லொகேஷன், பேட்டரி விவரம் எல்லாமும் அடிக்கடி ஒலிபரப்பாகும். ஒரு சின்ன மெசேஜுக்கே அரை விநாடிக்கு மேல் காற்றில் இடம் வேண்டும். அதைப் பலர் திரும்பச் சொல்லும்போது, முக்கியமான தகவல் நடுவில் காணாமல் போக வாய்ப்பு உண்டு.

2) மெஷ்கோர்

2025 தொடக்கத்தில் வெளியானது. இதன் அடிப்படை யோசனையே வேறு. உங்கள் கையில் இருக்கும் கருவி பொதுவாக மற்றவர் மெசேஜைக் கடத்தாது. அந்த வேலையை உயரத்தில் நிரந்தரமாக வைக்கப்பட்ட 'ரிப்பீட்டர்' மட்டும் செய்யும். முதல் முறை அனுப்பும்போது வழியைத் தேடும், வழி தெரிந்துவிட்டால் அடுத்த மெசேஜ் அந்த ஒரே பாதையில் போகும். 64 ஹாப் வரை இடம் உண்டு. 'ரூம் சர்வர்' என்ற வசதியும் இருக்கிறது. நீங்கள் கருவியை அணைத்து வைத்திருந்த நேரத்தில் வந்த பழைய பதிவுகளை அது வைத்திருந்து கொடுக்கும்.

பலம்: நெரிசல் குறைவு, நிறைய பேர் தாங்கும்.

பலவீனம்: ரிப்பீட்டர் வைக்க ஆள் இல்லை என்றால், நேரடியாக எட்டும் தூரத்துக்கு மேல் மெசேஜ் போகாது. ஊரில் மெஷ்கோர் வாங்கிய முதல் பத்து பேரும் வீட்டுக்குள்ளேயே கருவியை வைத்திருந்தால், பத்து தனித் தீவுகள்தான் மிச்சம்.

3) ரெட்டிகுலம்

மார்க் க்விஸ்ட் உருவாக்கியது. இது ஒரு ஆப் என்பதை விட, முழு நெட்வொர்க் அமைப்பு. லோரா, வைஃபை, இன்டர்நெட் என்று எந்த ஊடகமாக இருந்தாலும் ஒரே வலையாகக் கோர்த்துவிடும். என்கிரிப்ஷன் அதன் அஸ்திவாரத்திலேயே இருக்கிறது. உதாரணமாக, ஆவடியில் லோராவில் கிளம்பிய மெசேஜ், நடுவில் இன்டர்நெட் உள்ள ஒரு வீடு வழியாக வேறு ஊருக்கே போகலாம்.

பலவீனம்: அமைக்கத் தெரியணும். இன்ஜினியரிங் காலேஜ் புராஜெக்ட் டீமுக்கு அருமையான தீனி. அப்பாவிடம் கொடுத்து 'இதில் மெசேஜ் போடுங்க' என்று சொல்ல முடியாது.

நல்ல செய்தி: பெரும்பாலும் கருவி ஒன்றுதான், உள்ளே ஏற்றும் மென்பொருள்தான் வேறு. ஹெல்டெக், டி-பீம் போன்ற பிரபலமான போர்டுகளில் இந்த மூன்றில் எதையும் ஏற்றலாம். அதனால் தப்பான முடிவு எடுத்தாலும் பணம் வீணாகாது. லேப்டாப்பில் இணைத்து மாற்றிக்கொள்ளலாம்.

தமிழில் அனுப்பினால் என்ன ஆகும்?

யாரும் அதிகம் பேசாத, ஆனால் நமக்கு முக்கியமான விஷயம் இது. மெஷ்டாஸ்டிக்கில் ஒரு மெசேஜ் சுமார் 200 பைட் வரை போகலாம். மெஷ்கோரில் அதைவிடக் குறைவு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழுக்கு 3 பைட். அதுவும் 'க' என்றால் 3, 'கா' என்றால் துணைக்காலுக்குத் தனியாக 3 சேர்ந்து 6, 'க்' என்றால் புள்ளிக்கும் சேர்த்து 6.

'தண்ணி முழங்கால் அளவு' என்பது தமிழில் 56 பைட். அதையே ஆங்கில எழுத்தில் தங்கிலீஷாக அடித்தால் 22 பைட்தான். ஆக, ஒரு மெசேஜில் தமிழில் ஏழெட்டு வார்த்தைகள் எழுதினாலே இடம் தீர்ந்துவிடும்.

இதற்காகத் தமிழை விட்டுவிட வேண்டியதில்லை. குழுவாக உட்கார்ந்து முன்கூட்டியே குறியீடு வைத்துக்கொள்ளலாம். 1 என்றால் கணுக்கால் அளவு தண்ணீர், 2 முழங்கால், 3 இடுப்பு, 4 மார்பு. தெரு பெயரும் ஒரு எண்ணும் போதும். அந்தத் தாளை பிரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்க. போன் பேட்டரி சாகும் நேரத்தில் நீளமாக டைப் அடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

நம்ம ஏரியாவில் எவ்வளவு தூரம் போகும்?

மலை உச்சியில் இருந்து 100 கிலோமீட்டர் போனது, 200 கிலோமீட்டர் போனது என்று வீடியோக்கள் பார்த்திருப்பீங்க. அம்பத்தூர் எஸ்டேட்டில் மலை இல்லை.

மூன்று ஊர்களும் கிட்டத்தட்ட ஒரு முக்கோணம். பறவை பறக்கும் தூரக் கணக்கில், அம்பத்தூரில் இருந்து ஆவடி 5 முதல் 6 கிலோமீட்டர். ஆவடியில் இருந்து பூந்தமல்லி 7 முதல் 8. பூந்தமல்லியில் இருந்து அம்பத்தூர் சுமார் 10. கேட்க சுலபமாகத் தெரிகிறது. ஆனால் ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி நேர்க்கோட்டில் போவதில்லை. இரண்டு முனையும் ஒடுங்கி, நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவத்தில் போகும். அந்த வெள்ளரிக்காய்க்குள் கட்டிடமோ மரமோ நுழைந்தால் சிக்னல் அடிவாங்கும்.

866 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்புக்கு, நடுப்பகுதியில் இந்த வடிவத்தின் ஆரம் சுமார் 29 மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்கணும் என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால் நடுவில் இருக்கும் கட்டிட உச்சிகளுக்கு மேல் சுமார் 18 மீட்டர், அதாவது இன்னும் ஐந்தாறு மாடி உயரம் காலியாக வேண்டும். 5.5 கிலோமீட்டர் தூரத்துக்கே 13 மீட்டர் வேண்டும்.

இரண்டு மாடி வீட்டு மொட்டை மாடியில் இருந்து, இரண்டு மாடி வீடுகளே நிறைந்த ஊரைத் தாண்டி பூந்தமல்லியைப் பிடிப்பது ஏன் கஷ்டம் என்று இப்போ புரியும். தெருவில் நின்று கையில் பிடித்துப் பேசினால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே மகிழ்ச்சி.

அப்போ வழி? உயரம். பத்து மாடிக்கு மேல் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர் தொட்டி மேல் ஒரு ரிப்பீட்டர், கீழே இருக்கும் ஐம்பது கருவிகளை விட அதிக வேலை செய்யும். நம்ம பகுதிக்கு இன்னொரு வரம், ஏரிகள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடி பருத்திப்பட்டு ஏரி, போரூர் ஏரி என்று கட்டிடம் இல்லாத திறந்தவெளிகள் நிறைய. ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு உயரம், அந்தப் பக்கம் ஒரு உயரம் கிடைத்தால், வீடுகளைக் கடப்பதைவிட தண்ணீரைக் கடப்பது சிக்னலுக்குச் சுலபம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று 2005-லேயே மத்திய அரசு விலக்கு கொடுத்தது. 2021-ல் அது 868 வரை நீட்டிக்கப்பட்டது. நிபந்தனைகள்: டிரான்ஸ்மிட்டர் சக்தி அதிகபட்சம் 1 வாட், ஆன்டெனாவில் இருந்து வெளியேறும் சக்தி 4 வாட், அலைவரிசை அகலம் 200 கிலோஹெர்ட்ஸ்.

இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்க. மெஷ்டாஸ்டிக் கருவியை வாங்கியவுடன் அதில் இருக்கும் 'லாங் ஃபாஸ்ட்' அமைப்பின் அகலம் 250 கிலோஹெர்ட்ஸ். விதியில் இருப்பது 200. 125 கிலோஹெர்ட்ஸ் கொண்ட 'லாங் மாடரேட்' அமைப்புக்கு மாறினால் வரம்புக்குள் வந்துவிடலாம். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும், ஆனால் இன்னும் கொஞ்சம் தூரம் கிடைக்கும். மெஷ்கோரில் 62.5 கிலோஹெர்ட்ஸ் அமைப்புகளே பரவலாகப் பயன்படுகின்றன என்பதால் அங்கே இந்தப் பிரச்சினை எழுவதில்லை. எதுவானாலும், குழுவில் ஒருத்தர் மட்டும் மாற்றினால் அவர் மட்டும் தனியாகிவிடுவார். எல்லாரும் ஒரே அமைப்பில் இருக்கணும்.

வாங்கும்போது ஏமாறக்கூடிய இடம் இதுதான்:

- 915 மெகாஹெர்ட்ஸ் போர்டு அமெரிக்காவுக்கானது. அந்தப் பட்டையின் ஒரு பகுதி இந்தியாவில் செல்போன்கள் டவருடன் பேசும் அலைவரிசை. அதைப் பயன்படுத்தினால் சட்டமீறல் மட்டுமல்ல, அடுத்தவர் போனுக்கும் இடைஞ்சல்.
- 433 மெகாஹெர்ட்ஸ் போர்டு மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டையில் விலக்கு, வீட்டுக்குள் பயன்படுத்தும் 10 மில்லிவாட் கருவிகளுக்குத்தான்.
- '868' அல்லது '863 முதல் 870' என்று போட்ட போர்டும், அதற்கான ஆன்டெனாவும்தான் நமக்கு.

உரிம விலக்கு என்றால் கருவிக்கு எந்தச் சான்றும் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. வெளிநாட்டில் இருந்து வரும் வயர்லெஸ் கருவிக்கு, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவிடம் இறக்குமதியாளர் 'உபகரண வகை ஒப்புதல்' பெற்றிருக்க வேண்டும். 2025 மே மாதம், முறையான விவரங்கள் இல்லாமல் வாக்கி டாக்கி விற்றதற்காக முன்னணி ஆன்லைன் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அந்த மாதமே ரேடியோ கருவி விற்பனைக்குத் தனி வழிகாட்டு நெறிகளும் வந்தன. எனவே விற்பவரிடம் ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்க.

ஆவடிவாசிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. கனரக வாகனத் தொழிற்சாலை, போர் வாகன ஆராய்ச்சி மையம், விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப். முகாம் என்று பாதுகாப்பு வளாகங்கள் நிறைந்த ஊர் அது. வளாகக் குடியிருப்புகளுக்குள் நிர்வாக அனுமதி இல்லாமல் ஆன்டெனா நிறுத்தவே கூடாது. வெளியே என்றாலும், மாடியில் வைக்கும் பெட்டியின் மேல் அது என்ன கருவி, யாருடையது என்று எழுதி ஒட்டுங்க. ஆன்டெனாவோடு மர்மமான பெட்டி ஒன்று கிடந்தால் போலீஸ் வரத்தான் செய்யும்.

குரலில் பேச ஆசை இருந்தால் ஹாம் ரேடியோ உரிமம் எழுதலாம். 12 வயது நிறைந்தவர்களே தேர்வுக்குத் தகுதி. ஆனால் ஹாம் அலைவரிசையில் ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது, எல்லாமே வெளிப்படை.

நான் அனுப்புவது ரகசியமா?

கருவியோடு வரும் பொது சேனலில் இல்லை. அதன் சாவி உலகத்துக்கே தெரியும். அதில் போடுவது தெருமுனை போர்டில் எழுதுவது மாதிரிதான். குடும்பத்துக்கோ குழுவுக்கோ தனி சேனல் உருவாக்கி, க்யூ.ஆர். கோடு மூலம் நேரில் மட்டும் பகிருங்க. மென்பொருளையும் புதுப்பித்து வைக்கணும். சில கருவிகள் ஒரே ரகசியச் சாவியோடு விற்பனைக்கு வந்தது 2025-ல் தெரியவந்து, மெஷ்டாஸ்டிக் புதிய பதிப்பில் அதைச் சரிசெய்தது.

லொகேஷனைத் துல்லியமாகப் பகிர்வதை நிறுத்தி, தோராயமாக மட்டும் வையுங்க. வீடு பூட்டிக் கிடப்பதை ஊருக்கு அறிவிக்கத் தேவையில்லை.

எந்தக் கருவி, எப்படி வைப்பது?

- கையில் வைத்துப் பழக, ஹெல்டெக் வகை போர்டு போதும். சில ஆயிரம் ரூபாயில் முடியும். ஆனால் இதில் இருக்கும் ஈ.எஸ்.பி.32 சிப் மின்சாரத்தை அதிகம் குடிக்கும். 3,000 எம்.ஏ.எச். பேட்டரியில் ஒரு நாளைக் கொஞ்சம் தாண்டும்.
- மாடியில் நிரந்தரமாக வைக்க, என்.ஆர்.எஃப்.52 சிப் உள்ள ராக் போன்ற போர்டு நல்லது. அதே பேட்டரியில் ஒரு வாரத்துக்கு மேலும் ஓடும். சின்ன சோலார் பேனல் சேர்த்தால் மின்வெட்டைப் பற்றிக் கவலையில்லை.
- ஆன்டெனா மாட்டாமல் கருவியை ஆன் செய்யாதீங்க. சிப் சேதமாகும்.
- கருவியைக் கீழே வைத்து, மெல்லிய கேபிளில் மாடிக்கு இழுக்காதீங்க. 5 மீட்டரிலேயே பாதிக்கும் மேற்பட்ட சக்தி கரைந்துவிடும். கருவியையே ஆன்டெனா பக்கத்தில் வையுங்க.
- மே மாத வெயிலில் மூடிய பெட்டிக்குள் லித்தியம் பேட்டரி வெந்துவிடும். வெள்ளைப் பெட்டி, தொட்டியின் நிழல் பக்கம், காற்றுக்கு இடைவெளி அவசியம்.
- வடகிழக்குப் பருவமழையோடு இடியும் வரும். சுற்றுவட்டாரத்தில் ஆன்டெனாதான் மிக உயரம் என்ற நிலை வேண்டாம். இடி தாங்கி உள்ள கட்டிடத்தில், அதன் உச்சியை விடத் தாழ்வாக வையுங்க.

பெட்டி, கேபிள், பேட்டரி எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சுற்று சுற்றினால் கிடைக்கும்.

கடைசியா, எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆப் அழகாக இருக்கிறதா, எத்தனை ஹாப் போகும் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். உங்கள் ஏரியாவில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்து முடிவெடுங்க.

- இரண்டு முதல் பத்து பேர், ஒரே நகர், உயரமான கட்டிடம் எதுவும் கையில் இல்லை: மெஷ்டாஸ்டிக். எல்லாருடைய கருவியும் கடத்தும் என்பதால் ஆரம்பத்துக்கு இதுதான் கைகொடுக்கும். 'ரூட்டர்' என்ற பொறுப்பை மட்டும் யாரும் வீட்டுக்குள் இருக்கும் கருவிக்குக் கொடுக்காதீங்க, அது ஹாப்பை வீணடிக்கும்.
- மூன்று ஊர்களிலும் தலா ஓர் உயரமான மாடி, பராமரிக்க ஓர் ஆள், குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி கிடைத்துவிட்டது: மெஷ்கோர். நூறு பேர் சேர்ந்தாலும் நெரிசல் கட்டுக்குள் இருக்கும்.
- கல்லூரி எலக்ட்ரானிக்ஸ் மன்றம், கற்றுக்கொள்வதே நோக்கம்: ரெட்டிகுலம்.
- ஏற்கெனவே பக்கத்தில் யாராவது ஏதாவது ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தால், யோசிக்காமல் அதையே போடுங்க. தனியாக இருக்கும் சிறந்த நெட்வொர்க்கை விட, நாலு பேர் இருக்கும் சுமாரான நெட்வொர்க் மேல்.

கருவியை வாங்கி டிராயரில் போட்டுவிட்டு, 'மழை வந்தால் எடுத்துக்கலாம்' என்பதுதான் பெரிய தவறு. அன்று பேட்டரி இறங்கியிருக்கும், மென்பொருள் பழையதாக இருக்கும், சேனல் சாவி மறந்திருக்கும். மழை நாளில் வேலை செய்யப்போவது, வெயில் நாளில் பொழுதுபோக்காக ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருத்தர் ஏரிக்கரையில் நடக்க, இன்னொருத்தர் மாடியில் நின்று எங்கே சிக்னல் அறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்க. ஆகஸ்ட், செப்டம்பருக்குள் அந்த வரைபடம் தயாராகிவிட்டால், அக்டோபரில் பருவமழையை வரவேற்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. மெஷ்ஷில் மெசேஜ் போகும் என்பதற்கு உத்தரவாதம் யாரும் தர முடியாது. உயிருக்கு ஆபத்து என்றால் சிக்னல் கிடைக்கும் வரை 112-க்கு முயன்றுகொண்டே இருங்க. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, சென்னை மாநகராட்சி 1913. இந்த எண்களை அழைக்க சிக்னல் கிடைத்திருக்கும் ஒரு வீட்டுக்கு, சிக்னல் இல்லாத பத்து வீடுகளின் நிலைமையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மெஷ் செய்யக்கூடிய பெரிய உதவி. தண்ணீர் சூழ்ந்த நேரத்தில் அது சின்ன உதவி அல்ல.